பூஜைக்கு வைக்காத பேனா

நவம்பர் 11, திங்கள்

புதுத் தோசைக்கல் இன்றும் என்னை அவமானப்படுத்தியது. மூன்று தோசை ஊற்றினேன், மூன்றையும் சுரண்டித்தான் எடுத்தேன். இருபத்தாறு வருஷம் ஈரோடு கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தவள், ஓர் இரும்புத் துண்டிடம் தினமும் தோற்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கும் வீட்டில் சொல்லவும் ஆளில்லை.

பத்தரைக்கு அர்த்தநாரி வந்தார். பெருந்துறைக்குப் பக்கத்தில் நல்லமங்கை மசாலா கம்பெனி வைத்திருப்பவர். வாசலிலேயே செருப்போடு சேர்த்துத் தன் தைரியத்தையும் கழற்றி வைத்துவிட்டு வந்தது போல இருந்தார். போன வியாழன் ஒரு கல்யாண விருந்தில் சாப்பிட்ட ஐம்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. எல்லாரும் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள், அது பெரிய நிம்மதி. ஆனால் சமையல்காரர், "சாம்பார் பொடியில்தான் கோளாறு" என்று கையை நீட்டிவிட்டார். சனிக்கிழமை காலையில் உணவுப் பாதுகாப்புத் துறை முன் கேட்டுக்கு சீல் வைத்தது. அதே நேரத்தில் போலீஸ் பின் கேட் வழியாக வந்து வழக்குப் பதிவு செய்தது.

இந்த மாதிரி வழக்கில் இதுதான் தலைவலி. துறைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். அங்கே சொல்வது அப்படியே போலீஸ் கைக்குப் போகும். ஒரு வாயை வைத்துக்கொண்டு இரண்டு காதுக்குப் பேச வேண்டும்.

"இனிமேல் என்னைக் கேட்காம யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசக் கூடாதுங்க" என்றேன்.

"ஏற்கெனவே போலீசுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டனுங்களே" என்றார்.

தலையில் கை வைத்தேன். கோர்ட்டில் இருந்தால் வைத்திருக்க மாட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

அந்தக் கடிதத்தைப் படித்தேன். புகாருக்கு ஆளான பொடிக்கு, அதாவது அந்த பேட்ச்சுக்கு, கிருமிப் பரிசோதனை நடந்ததாக லேப் ரிஜிஸ்டரில் இருக்கும் தேதி அக்டோபர் 11, காலை பதினொரு மணி. அன்று ஆயுத பூஜை. அர்த்தநாரி பூஜை விஷயத்தில் மகா கண்டிப்பானவர். எட்டு மணிக்குப் பூஜை போட்டு, ஆளுக்கொரு பொரிப் பையைக் கொடுத்து, பத்து மணிக்குள் எல்லாரையும் அனுப்பிவிடுவார். அதற்கு மேல் ஒரு திருகாணியைக் கூட யாரும் தொடக் கூடாது. லேப் ரிஜிஸ்டர், கேட் ரிஜிஸ்டர், வருகைப் பதிவு எல்லாம் முதல் நாளே சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். விஜயதசமி காலையில்தான் வெளியே வரும்.

அந்தத் தேதியைப் பற்றிப் போலீஸ் கேட்டதற்கு, கடிதத்தில் எழுதியிருக்கிறார்: "அன்று எங்கள் கம்பெனிக்குள் ஈ காக்கா கூட வரவில்லை." போதாதென்று பூஜைப் படத்தையும் இணைத்திருக்கிறார். மாலைக்கு அடியில் லேப் ரிஜிஸ்டர், மேலே குங்குமம், நன்றாகத் தெரிகிறது.

அவர் இதை எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், லேப் பொறுப்பாளர் பியூலா உணவுத் துறை அதிகாரியிடம், "அன்னைக்கு நான்தான் டெஸ்ட் பண்ணேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஆக, ரிஜிஸ்டர் போலி என்கிறது போலீஸ். வழக்கில் அர்த்தநாரி முதல் எதிரி, பியூலா இரண்டாவது எதிரி. எந்த நிமிஷமும் கைது செய்யலாம்.

நவம்பர் 14, வியாழன்

உணவுத் துறைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள அர்த்தநாரி சென்னையிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருக்கிறார். பெயர் இளங்கீரன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவராம். ஐம்பத்து நாலு வயது இருக்கும். ரயிலை விட்டு இறங்கி நேராக என் அலுவலகத்துக்கு வந்து, உட்காரும் முன்னாலேயே, "எல்லாத்தையும் சொல்லிடுவோம் மேடம். நாம மறைச்சா அவங்க தோண்டுவாங்க" என்றார்.

"நீங்க சொல்லிட்டு ரயில் ஏறிடுவீங்க. சொன்னதுக்கு நான் இங்கே ஜாமீன் வாங்கணும்."

"பேசாம இருந்தா கம்பெனி திறக்காது."

"பேசினா பியூலா உள்ளே போவா."

இப்படியே ஒன்றேகால் மணி நேரம். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். பிஸ்கட்டை மட்டும் நாலு எடுத்தார். எரிச்சலான மனிதர்.

நவம்பர் 15, வெள்ளி

என் குமாஸ்தா பொன்னுரங்கம் காபித் தூள் தீர்ந்துவிட்டது என்றார். நல்ல தூளாக அரைக் கிலோ வாங்கிவரச் சொன்னேன். பொன்னுரங்கத்துக்குத்தான். பாவம், வயதான மனிதர்.

நவம்பர் 18, திங்கள்

பியூலாவை வீட்டுக்கு வரவழைத்துப் பேசினேன். முப்பத்து நாலு வயது. கரூரில் அம்மா மட்டும் இருக்கிறார். "அம்மாகிட்ட சொல்லலாமா மேடம்?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. வேண்டாம் என்றேன். அம்மா பக்கத்து வீட்டில் சொல்வார், பக்கத்து வீடு ஊருக்குச் சொல்லும், போலீஸ் அவரையும் சாட்சியாகக் கூப்பிடும். தலையை ஆட்டினாள். தினம் சாயங்காலம் அம்மா போன் செய்யும்போது மழை, குழம்பு, பஸ் என்று எதையாவது பேசிச் சமாளிக்கிறாளாம்.

டெஸ்ட் செய்தது உண்மையா என்று கேட்டேன். உண்மை என்றாள். ரிஜிஸ்டர் பூஜையில் இருந்ததே, எதில் எழுதினாய் என்றேன். அதற்கு வாயே திறக்கவில்லை. யாரையோ காப்பாற்றுகிறாள் என்று மட்டும் புரிந்தது.

கம்பெனியில் கேமரா இருக்கிறதே என்ற நினைப்பில், மதியம் அலுவலகத்தில் இளங்கீரனோடு பூஜை நாள் பதிவைப் போட்டுப் பார்த்தோம். பூஜை உற்சாகத்தில் ஒவ்வொரு கேமரா கண்ணாடியிலும் யாரோ சந்தனம் அப்பி, நடுவில் பொட்டும் வைத்திருக்கிறார்கள். பதினாறு கேமரா, பதினாறிலும் மஞ்சள் திரை, நடுவில் சிவப்பு வட்டம். இளங்கீரன் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். பொன்னுரங்கம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. தோசை இன்னும் ஒட்டுகிறது. இளங்கீரன் போன் செய்யவில்லை. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

நவம்பர் 23, சனி

உணவுத் துறைக்குக் கொடுக்க வேண்டிய பதிலின் வரைவை இளங்கீரன் அனுப்பியிருந்தார். படித்ததும் ரத்தம் கொதித்தது. நாலாவது பத்தி: "மேற்படி பதிவு ஊழியர் பியூலா தன்னிச்சையாக, நிர்வாகத்துக்குத் தெரியாமல் செய்தது." ஒரே வரி. கம்பெனி தப்பிவிடும், அவள் மாட்டிக்கொள்வாள். இது ஒன்றும் புதிதில்லை. பெரிய கம்பெனிகள் எல்லாம் செய்வதுதான்.

உடனே போன் போட்டேன். "இந்த வரி துறைக்குப் போச்சுன்னா, முதலாளிக்கும் அந்தப் பொண்ணுக்கும் கதை முட்டும். அப்புறம் நான் ரெண்டு பேருக்குமே நிக்க முடியாது. வக்காலத்தைத் திருப்பிக் குடுத்திடுவேன்."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, "அர்த்தநாரிகிட்ட ரெண்டு வழியும் சொல்ல வேண்டியது என் வேலை மேடம். அதனாலதான் எழுதினேன்" என்றார். அப்புறம் மெதுவாக, "எனக்கும் அது பிடிக்கலை" என்றார்.

பிடிக்காததை எதற்கு எழுத வேண்டும்? நான் வைத்துவிட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

அர்த்தநாரியிடம் நாலாவது பத்தியைக் காட்டினோம். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். நூற்றெண்பது பேர் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார்கள், அவர் யோசிப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

பொன்னுரங்கம் கேட்காமலே ஒரு தகவல் சொன்னார். இளங்கீரனின் மனைவி எட்டு வருஷம் முன்பு இறந்துவிட்டாராம். பிள்ளைகள் இல்லை. "விசாரிச்சு வெச்சனுங்க, சும்மா" என்றார். இதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. மறந்துவிடும் என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பியூலா வாய் திறந்துவிட்டாள்.

பொடியைத் தட்டில் பரப்பி, இன்குபேட்டர் என்ற சூட்டுப் பெட்டிக்குள் எழுபத்திரண்டு மணி நேரம் வைக்க வேண்டுமாம். கிருமி இருந்தால் அதற்குள் புள்ளி புள்ளியாக வளர்ந்துவிடும். சரியான நேரத்தில் எடுத்து எண்ண வேண்டும். அக்டோபர் 8 பதினொரு மணிக்கு வைத்தாள். எழுபத்திரண்டு மணி நேரம் முடிவது 11ஆம் தேதி பதினொரு மணிக்கு. வைக்கும்போது பூஜை நினைவில்லை.

"கிருமிக்கு லீவு கிடையாதுல்ல மேடம்" என்றாள். எல்லாரும் போன பிறகு பத்தரை மணிக்குத் திரும்பி வந்து, வாட்ச்மேன் கந்தப்பனைக் கெஞ்சிக் கதவைத் திறக்க வைத்திருக்கிறாள். எண்ணினாள், பொடி சுத்தம். எழுத ரிஜிஸ்டர் இல்லை. பேனாவும் இல்லை, அவளுடைய பேனாவும் சரஸ்வதி முன்னால்தான். காலையில் கிடைத்த தன் பொரிப் பையில் கந்தப்பனின் பென்சிலால் கிறுக்கிக்கொண்டாள். மறுநாள் ரிஜிஸ்டரில் ஏற்றும்போது "நேற்று பார்த்தது, இன்று எழுதுகிறேன்" என்று ஒரு வரி போட்டிருந்தால் இத்தனை கூத்தும் இல்லை. முதலாளி கேட்பாரே என்ற பயத்தில் 11ஆம் தேதி என்றே எழுதிவிட்டாள். பையைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"பூஜை அன்னைக்கு மெஷினைத் தொட்டேன்னு தெரிஞ்சா சார் தாங்க மாட்டார். கந்தப்பண்ணனுக்கு வேலை போயிடும் மேடம்."

ஜெயிலுக்குப் போவதைவிட முதலாளியின் கோபம்தான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டாவதைச் செய்தேன்.

நவம்பர் 28, வியாழன்

அனுமதி வாங்கி, அதிகாரி முன்னிலையில் லேப்பைப் பார்த்தோம். நான், இளங்கீரன், பியூலா, பொன்னுரங்கம். பூஜை நாளில் அந்தக் கம்பெனியில் எழுத்து என்று ஒன்று எங்காவது இருக்கிறதா என்பதே தேடல். எதுவும் இல்லை. கேட் ரிஜிஸ்டர் பூஜையில். மின்சார மீட்டர் குறிப்பு நோட்டு கூடப் பூஜையில்.

இளங்கீரன்தான் இன்குபேட்டருக்கு முன்னால் நின்று, "இது என்ன?" என்றார். பெட்டியின் நெற்றியில் தட்டு மாதிரி ஒரு வட்டக் காகிதம், அதன் மேல் ஒரு குட்டிப் பேனா. பெட்டிக்குள் இருக்கும் சூட்டை அது தானாகவே கோடாகக் கிழித்துக்கொண்டே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு காகிதம். பழைய காகிதங்கள் எல்லாம் அடி டிராயரில்! போலீஸ் அதைத் தொடவே இல்லை.

அக்டோபர் இரண்டாம் வாரக் காகிதத்தை அதிகாரியே எடுத்தார். கோடு ஒரே சீராக வட்டமடித்துக்கொண்டு போகிறது. வெள்ளிக்கிழமை, அதாவது பூஜை அன்று, பதினொரு மணிக்கு நேராக, ஒரு பள்ளம்.

"கதவைத் திறந்தா சூடு இறங்கும்" என்றாள் பியூலா. விரலால் பள்ளத்தைக் காட்டினாள். "அது நான்தான். வாரா வாரம் காகிதத்தை மாத்தறேன், இதுல தெரியும்னு எனக்கே தோணலை."

"எல்லாப் பேனாவையும் பூஜைக்கு வெச்சவங்க இதை உட்டுட்டாங்களே!" என்றார் பொன்னுரங்கம்.

அதிகாரி அதை உறையில் போட்டு, சீல் வைத்து, எங்களிடம் கையெழுத்து வாங்கினார். வெளியே வந்ததும் இளங்கீரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழக்கறிஞர்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்குவது சகஜம்தான். சந்தோஷத்தில் எனக்கு நிலை கொள்ளவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

இப்போது புதுச் சிக்கல். காகிதத்தைக் காட்டினால், "ஈ காக்கா வரவில்லை" என்ற அர்த்தநாரியின் கடிதம் பொய்யாகிவிடும். அவர் போலீசுக்குத் தவறான தகவல் கொடுத்தவராகிறார். லைசென்ஸ் அவர் பெயரில் இருப்பதால், தன் கம்பெனிக்குள் நடந்ததே தனக்குத் தெரியாது என்று சொன்னால் அதுவும் அவர் தலையில்தான் விழும். காகிதம் கதவு திறந்ததை மட்டும்தான் காட்டும், திறந்தது யார் என்று தெரியாது என்று அவர் சும்மா இருந்துவிட்டால் பியூலா மாட்டிக்கொள்வாள். அவர் சொன்னால்தான் அவள் தப்புவாள்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். போலி என்று போலீஸ் சொன்னபோது கூட அவர் முகம் இப்படிச் சிவக்கவில்லை.

"பூஜை அன்னிக்கு மெஷினைத் தொட்டாளா?"

"அதாலதான் உங்க பொடி சுத்தம்னு இப்ப நிரூபிக்க முடியுதுங்க."

"பூஜை அன்னிக்கா?" என்றார் மறுபடியும். எழுந்து போய்விட்டார். பியூலாவின் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் போன பிறகு இளங்கீரனும் நானும் இடம் மாறிவிட்டோம் என்று கவனித்தேன். எல்லாவற்றையும் பேசிவிடலாம் என்று இப்போது நான் சொல்கிறேன். கொஞ்சம் பொறுக்கலாம் என்கிறார் அவர். "முதலாளி மனசு மாறாம நாம பேசினா, அந்தப் பொண்ணு தனியா நிக்கும்" என்றார். சரியான பேச்சு. நாலாவது பத்தியை அவர் எடுத்துவிட்டிருந்தார், யாரையும் கேட்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

பியூலாவுக்கு முன்ஜாமீன் கிடைத்தது! அரை மணி நேரம் வாதாடினேன். நானே சொல்லக் கூடாது, நன்றாகவே வாதாடினேன். இளங்கீரன் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. புது மயில்கழுத்துப் புடவை கட்டியிருந்தேன், பழையதெல்லாம் இஸ்திரிக்காரரிடம் இருக்கிறது.

நாளை பதில் கொடுக்கக் கடைசி நாள். காகிதத்தைச் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதி முடித்தோம். அர்த்தநாரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "விசாரணையில நேர்ல கேப்பாங்களா?" என்றார். கேட்பார்கள் என்றேன். அங்கே என்ன சொல்வார் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். மழை விட்டுவிட்டுப் பெய்தது, அகலை ஏற்ற ஏற்ற அணைந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பியூலா ஒத்தாசைக்கு வந்து குடை பிடித்தாள். அவள் அம்மா போன் செய்தார். "வக்கீலம்மா வீட்ல விளக்கு ஏத்தறோம்மா" என்றாள். "வக்கீல் வீட்ல உனக்கு என்னடி வேலை?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "சும்மா பழக்கம்மா" என்று சொல்லிவிட்டு, வைத்த பின் அழுதாள். பொய் சொல்லத் தெரியாத பெண்ணைத்தான் போலி ரிஜிஸ்டர் எழுதினாள் என்கிறார்கள்.

பொரி உருண்டை நன்றாக வந்தது. இளங்கீரனுக்கு நாலு அனுப்பினேன். ஊருக்குப் போகும் யாரோ ஒருவர் மூலம் அனுப்பினேன் என்று எழுதினால் நம்பும்படி இருக்காது. கூரியரில் அனுப்பினேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் உணவுத் துறையின் பெண் அதிகாரி. மூலையில் இன்ஸ்பெக்டர், மடியில் நோட்டு. இரண்டு காதும் ஒரே அறையில். எதிரே அர்த்தநாரி, அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி பியூலா. டிசம்பர் 2க்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நல்ல செய்தியோடுதான் ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து எடுத்த பொடி சுத்தம் என்று அரசு ஆய்வகம் சொல்லிவிட்டது. கல்யாண மண்டபத்தில் மோருக்கு ஊற்றிய தொட்டித் தண்ணீரில்தான் கிருமி. ஆனால் ரிஜிஸ்டர் கேள்வி அப்படியே நிற்கிறது. பொடி சுத்தமாக இருந்தாலும் போலிப் பதிவு போலிப் பதிவுதான்.

அதிகாரி வட்டக் காகிதத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். "அன்னைக்கு யாரும் வரலைன்னு போலீசுக்கு எழுதியிருக்கீங்க. எங்களுக்கு வந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. எது பொய்?"

இன்ஸ்பெக்டரின் பேனா தயாராகிவிட்டது. இந்த இடத்தில் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு என்று அர்த்தநாரியிடம் முன்பே சொல்லியிருந்தேன். சும்மா இருந்தால் அவருக்கு நல்லது.

அர்த்தநாரி எழுந்து நின்றார்.

"ரெண்டும் பொய்யில்லீங்க. எனக்குத் தெரிஞ்சதை நான் எழுதுனேன். ஆனா என்ற கம்பெனியில நடந்தது எனக்குத் தெரியலீங்க, அது என்ற குத்தம். அந்தப் புள்ள வந்து வேலை பார்த்திருக்குது. எனக்குத் தெரிஞ்சிருந்தா கட்டாயம் தடுத்திருப்பனுங்க. தடுத்திருந்தாத்தானுங்க இன்னிக்கு நான் தப்புப் பண்ணுனவன். பொடியைப் பாக்காமயே ஊருக்கு அனுப்பியிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். அர்த்தநாரி பியூலா பக்கம் திரும்பினார்.

"ஏங் கண்ணு, அன்னிக்குப் பொரியாச்சும் எடுத்துட்டுப் போனியா?"

பியூலா விசும்பிக்கொண்டே, "இல்ல சார், பையில எழுதிட்டேன்" என்றாள். முதலில் சிரித்தது இன்ஸ்பெக்டர்தான். பிறகு அதிகாரி. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. பரிசோதனை உண்மையாகவே நடந்தது. மறுநாள் எழுதியதை மறுநாள் என்று குறிக்காதது தவறு, அதற்கு எச்சரிக்கை. கம்பெனி சீல் நாளை காலை உடைக்கப்படும். போலீசும் வழக்கை முடித்து அறிக்கை போடுவதாகச் சொல்லிவிட்டது. கந்தப்பன் வேலையில்தான் இருக்கிறார்.

சாயங்காலம் பியூலா என் வீட்டுக்கு வந்தாள், ஒரு டப்பா லட்டோடு. இளங்கீரன் உத்தரவின் நகலைக் கொடுக்க வந்திருந்தார். தபாலில் அனுப்பியிருக்கலாம்.

பியூலா உத்தரவை இரண்டு முறை படித்தாள். பிறகு, "இனிமே பேசலாமா மேடம்?" என்றாள்.

"பேசலாம்."

"யாருகிட்ட வேணும்னாலும்?"

"யாருகிட்ட வேணும்னாலும்."

வாசலுக்குப் போய்க் கரூருக்குப் போன் போட்டாள். அம்மா எடுத்ததும் முதலில் அழுதாள், அப்புறம் சொன்னாள், சொல்லச் சொல்லச் சிரித்தாள். சீல், போலீஸ், சந்தனம் அப்பின கேமரா, பொரிப் பை, வட்டக் காகிதம், முதலாளி எழுந்து நின்றது. ஒன்றை விடவில்லை. நாற்பது நாளாக அடைத்து வைத்த பேச்சு. வாசலுக்கும் மாமரத்துக்கும் நடந்து நடந்து ஒரு மணி பத்து நிமிஷம் பேசினாள். இளங்கீரனும் நானும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு காபி குடித்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வழக்கு முடிந்து எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

பேச வேண்டியதைப் பேசாமல் வைத்திருப்பது எவ்வளவு கனம் என்று அவளைப் பார்த்துத்தான் புரிந்தது. திரும்பி அவரிடம் நானும் ஒன்று சொன்னேன், இத்தனை நாள் இந்த டைரியிடம் கூட ஒப்புக்கொள்ளாத ஒன்று. என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அவர் சரி என்றார்.